மாலியும் லைபீரியாவும்: வளரும் நாடுகளின் நிலைத்தன்மைக்கு வல்லரசு எந்த வழியில் உதவலாம்?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு வளர்ச்சி உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, 1961 முதல் இயங்கிவந்த அந்நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டு, எஞ்சிய பணிகள் அந்நாட்டு வெளியுறவுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. பன்னாட்டு உறவுகளைப் படிக்கும் மாணவர்களும் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் அதன்பின் திரும்பத் திரும்ப ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள். ஒரு வல்லரசு ஏழை நாடுகளின் அமைதிக்கு உதவ நினைத்து, கையில் இருக்கும் பணமும் குறைந்துகொண்டே போனால், எந்த வழியைக் கைவிடலாம், எதை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும்? ராணுவப் பயிற்சியா, அமைதிப்படையா, மருத்துவ உதவியா, கடன் நிவாரணமா, வணிகச் சலுகையா?

பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. ஆகவே மேற்கு ஆப்பிரிக்காவில் அமெரிக்கா கடந்த கால் நூற்றாண்டில் செய்தவற்றையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே மாலியும் லைபீரியாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமெரிக்காவின் கவனத்துக்கு வந்தன. 2003-ல் பார்த்தவர்கள் மாலியை ஜனநாயகத்தின் முன்மாதிரி என்றும் லைபீரியாவை மீட்க முடியாத நாடு என்றும் சொல்லியிருப்பார்கள். இன்று மாலியை ராணுவம் ஆள்கிறது. லைபீரியாவில் தேர்தலில் தோற்ற அதிபர் தோல்வியை ஏற்றுக்கொண்டு விலகுகிறார். இந்த மாற்றத்துக்கு உள்நாட்டுக் காரணங்களே முதன்மையானவை. ஆயினும் வெளியிலிருந்து வந்த உதவியின் வகைக்கும் வரிசைக்கும் இதில் பங்குண்டு என்பது என் உறுதியான கருத்து.

## எவற்றைக் கொண்டு அளப்பது?

முதலாவது, உதவி யார் கையில் போய்ச் சேருகிறது என்பது: ஆட்சியாளரிடமா, மக்களிடமா? இரண்டாவது, பலன் தெரிய எத்தனை ஆண்டுகள் ஆகும்? மூன்றாவது, உதவி பெற்ற அரசு கவிழ்ந்தாலோ, உதவிய நாடு திடீரெனக் கையை விரித்தாலோ என்ன மிஞ்சும்? நான்காவது, வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படாத செலவு எது, அதைச் சுமப்பவர் யார்? இவற்றுள் மூன்றாவதற்கே நான் கூடுதல் எடை தருகிறேன். நல்ல காலத்தில் எல்லா உதவியும் பலன் தருவதுபோலவே தோன்றும். நாடு தடுமாறும்போதுதான் அவற்றிடையே உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது.

## முதல் வழி: ராணுவப் பயிற்சியும் தளவாடமும்

சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பான சஹேல் பகுதியில் மாலி, நைஜர், சாட், மொரிட்டானியா ஆகிய நான்கு நாடுகளின் படைகளுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை 2002-ல் அமெரிக்கா தொடங்கியது. 2005-ல் அத்திட்டம் சகாராவைச் சுற்றியுள்ள மேலும் பல நாடுகளுக்கு விரிவடைந்தது. விரைவாகத் தொடங்கலாம், கணக்குக் காட்டுவது எளிது, நாடாளுமன்றத்தில் ஒப்புதல் பெறுவதும் எளிது என்பன இவ்வழியின் கவர்ச்சிகள். எத்தனை வீரர்கள் பயிற்சி முடித்தனர், எத்தனை வாகனங்கள் தரப்பட்டன என்று அறிக்கையில் எழுதிவிடலாம்.

ஆனால் மாலியில் நடந்ததைப் பாருங்கள். 2011-ல் லிபியாவில் கடாபியின் ஆட்சி வீழ்ந்ததும் அங்கே பணியாற்றிய, சகாராவில் வாழும் துவாரெக் இன வீரர்கள் ஆயுதங்களுடன் வடக்கு மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஜனவரியில் அகெல்ஹோக் என்ற ஊரில் அரசுப் படையினர் பலர் கொல்லப்பட்டனர். தம் கணவன்மார் போதிய தோட்டாக்கள்கூட இல்லாமல் போர்முனைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று சொல்லி, அடுத்த மாதம் தலைநகர் பமாகோவுக்கு அருகிலுள்ள ‘காட்டி’ ராணுவ முகாமைச் சேர்ந்த வீரர்களின் மனைவியர் தெருவில் இறங்கினார்கள். பத்தாண்டு வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பிறகும் முன்வரிசை வீரனுக்குத் தோட்டா போய்ச் சேராத படையாகவே அது இருந்தது. மார்ச் மாதம் அதே காட்டி முகாமிலிருந்து எழுந்த கலகம் அதிபர் அமடூ தூமானி தூரேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. கலகத்துக்குத் தலைமை தாங்கிய கேப்டன் அமடூ சனோகோ அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர். அமெரிக்கா பயிற்றுவித்த சிறப்புப் பிரிவுகளின் துவாரெக் அதிகாரிகள் சிலர் ஆயுதங்களோடு எதிரணிக்குப் போனார்கள். அப்போது ஆப்பிரிக்காவுக்கான அமெரிக்கத் தளபதியாக இருந்த கார்ட்டர் ஹாம், போர்த்திறன் கற்பித்த அளவுக்கு ராணுவ நெறிகளையும் குடிமை அரசுக்குக் கட்டுப்படுவதையும் கற்பிக்கவில்லை என்று பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அது தனி நிகழ்வாகவும் நின்றுவிடவில்லை. மாலியில் 2020-லும் 2021-லும், புர்கினா ஃபாசோவில் 2022-ல் இருமுறையும், நைஜரில் 2023 ஜூலையிலும் ஆட்சிகள் கவிழ்க்கப்பட்டன. நைஜரின் அகடெஸ் நகரில் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அமெரிக்கா கட்டிய ட்ரோன் தளம் 2024 ஆகஸ்டில் காலி செய்யப்பட்டது. மூன்றாவது அளவுகோலின்படி இவ்வழிக்கு மதிப்பெண் ஏறத்தாழப் பூஜ்யம்தான்.

மறைமுகச் செலவு இதைவிடக் கொடியது. குடிமக்களைக் காக்கும் என்று கருதி வலுப்படுத்தப்படும் படை, அம்மக்கள்மேலேயே பாயக்கூடும். கடும் மனித உரிமை மீறல்களில் ஈடுபட்ட படைப்பிரிவுகளுக்கு உதவக் கூடாது என்று அமெரிக்காவின் லேஹி சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் தடுப்பது அமெரிக்க உதவியை மட்டுமே. அது நின்றதும் வேறொருவர் வந்து அந்த இடத்தை நிரப்புகிறார். 2022 மார்ச்சில் மாலியின் மூரா என்ற ஊரில் அந்நாட்டுப் படையும் அதனுடன் வந்த வெளிநாட்டு ஆயுதக்காரர்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவுசெய்துள்ளது.

அப்படியானால் இவ்வழி எங்குமே பயன்படாதா? கொலம்பியா நல்ல எதிர்ச்சான்று. 2000-ல் தொடங்கிய அமெரிக்க உதவி இடதுசாரி ஃபார்க் கிளர்ச்சியாளர்களைப் பலவீனப்படுத்தி, 2016 அமைதி ஒப்பந்தத்துக்கு வழி திறந்ததில் பங்காற்றியது. அங்கே தேர்தலும் நீதிமன்றமும் இயங்கின. 2002-ல் அரசு தன் செல்வந்தர்கள்மீதே பாதுகாப்புக்கெனத் தனி வரி விதித்து, செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்றது. தன் மக்களிடம் வரி வாங்கிப் போரிடும் அரசு அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கும் விலை சிறியதன்று. 2002 முதல் 2008 வரை குறைந்தது 6,402 அப்பாவிகள் கொல்லப்பட்டு, போரில் மாண்ட கிளர்ச்சியாளர்களாகக் கணக்குக் காட்டப்பட்டனர் என்று அந்நாட்டின் அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் கண்டறிந்தது.

## இரண்டாவது வழி: ஐ.நா. அமைதிப்படைக்குப் பணமும் அரசியல் பலமும்

லைபீரியாவின் கதை நிதானமாகச் சொல்லப்பட வேண்டியது. 2003 ஜூலையில், உள்நாட்டுப் போரில் தலைநகர் மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, மக்கள் தம் உறவினரின் உடல்களைக் கொண்டுபோய் அமெரிக்கத் தூதரகத்தின் வாசலில் வரிசையாகக் கிடத்தினார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கடலில் வந்து நின்றன. சுமார் 200 கடற்படை வீரர்கள் மட்டும் கரையிறங்கினர். நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படையினரே நகருக்குள் முதலில் வந்தவர்கள். ஆகஸ்ட் 11 அன்று அதிபர் சார்லஸ் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குச் சென்றார். ஒரு வாரத்தில் கானாவின் தலைநகர் அக்ராவில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 15,000 வீரர் கொண்ட அமைதிப்படைக்கு ஒப்புதல் அளித்தது.

தொடக்கம் மோசமாகவே இருந்தது. அந்த டிசம்பரில் மன்ரோவியாவுக்கு அருகே ஆயுத ஒப்படைப்பு தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பேர் வந்து குவிந்தார்கள். பணம் உடனே கிடைக்காத ஆத்திரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, பணி நிறுத்தப்பட்டது. 2004 ஏப்ரலில் மீண்டும் தொடங்கி, ஆயுதத்தைக் கீழே வைப்பவருக்கு இரு தவணையாக 300 டாலர் தரப்பட்டது. முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்யப்பட்டார்கள். 2007-ல் இந்தியாவின் மத்திய ரிசர்வ் காவல் படையிலிருந்து ஒரு பெண் காவல் பிரிவு அங்கே போனது. ஐ.நா. வரலாற்றில் பெண்கள் மட்டுமே கொண்ட முதல் காவல் பிரிவு அதுதான். 2016 வரை அடுத்தடுத்த குழுக்கள் மன்ரோவியாவில் பணியாற்றின.

இந்தப் பாதுகாப்பின் மறைவில்தான் அமெரிக்கா லைபீரியாவுக்குப் புதிய ராணுவத்தை உருவாக்கியது. பழைய படை முழுவதும் கலைக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களின் படங்கள் பொதுவெளியில் வைக்கப்பட்டு, இவர் போரில் கொடுமை செய்தவரா என்று ஊராரிடமே கேட்கப்பட்டது. அப்படித் தேறியவர்கள் சுமார் 2,000 பேர். மாலியில் தந்ததும் இதே அமெரிக்கப் பயிற்சிதான். ஆனால் இங்கே அது அமைதி உடன்பாட்டுக்குப் பின்னும், ஆள் தேர்வுக்குப் பின்னும் வந்தது.

2018 மார்ச்சில் அமைதிப்படை முழுமையாக விலகியது. அதற்கு முன் ஜனவரியில் எலன் ஜான்சன் சர்லீஃபிடமிருந்து ஜார்ஜ் வேயாவுக்கு ஆட்சி கைமாறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இன்னொருவருக்கு அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது 1944-க்குப் பிறகு அதுவே முதல்முறை. 2023 நவம்பரில் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் ஜோசஃப் போவாக்காயிடம் தோற்ற வேயா, இறுதி முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். அமைதிப்படை போய் ஐந்தாண்டு கழித்தும் நிலைத்த பலன் இது.

செலவு குறைவில்லை. தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு 70 கோடி டாலருக்கு மேல் ஆனது. ஆனால் ஐ.நா. அமைதிப்பணிச் செலவில் அமெரிக்காவின் பங்கு சுமார் கால் பகுதி. மீதியை மற்ற நாடுகள் தருகின்றன, வீரர்களை வங்கதேசம், நேபாளம், இந்தியா, பாகிஸ்தான், ருவாண்டா போன்ற நாடுகள் அனுப்புகின்றன. மறைமுகச் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பெரிய நாடு பாக்கி வைத்தால், வீரர்களை அனுப்பிய ஏழை நாடுகளுக்கு வரவேண்டிய தொகை ஆண்டுக்கணக்கில் இழுபடும். 2025 அக்டோபரில், பணப் பற்றாக்குறையால் ஒன்பது களங்களில் சுமார் கால் பங்கு படையினரைக் குறைக்கப்போவதாக ஐ.நா. அறிவித்தது. இதைவிட வலிக்கும் செலவு ஒன்றும் உண்டு. லைபீரியாவில் அமைதிப்படையினர் சிலர் உணவுக்கும் பணத்துக்கும் ஈடாகப் பெண்களைச் சுரண்டியது ஐ.நா.வின் விசாரணைகளிலேயே பதிவானது. 2010-ல் ஹெய்ட்டியில் அமைதிப்படை முகாமிலிருந்து பரவிய காலரா ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பறித்தது. இவற்றை மறைத்துவிட்டு இவ்வழியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

எல்லை ஒன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காக்க ஓர் அமைதி உடன்பாடு இருந்தால்தான் அமைதிப்படையால் காக்க முடியும். மாலியில் 2013-ல் அமைக்கப்பட்ட ஐ.நா. படை, போரிட்டுக்கொண்டிருந்த தரப்புகளுக்கு நடுவே சிக்கி, 300-க்கும் மேற்பட்டோரை இழந்து, அரசே வெளியேறச் சொன்னதால் 2023 டிசம்பரில் மூட்டை கட்டியது.

## மூன்றாவது வழி: மருத்துவ உதவி

2003-ல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அறிவித்த பெப்ஃபார் திட்டம் ஹெச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு மருந்து வழங்குவது. ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் என்று தொடங்கிய அத்திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசு கணக்கிடுகிறது. ஆட்சி யாருடையதாயினும் மாத்திரை நோயாளியின் கைக்கே போகிறது என்பதால் முதல் அளவுகோலில் இதற்கு இணையில்லை. ஆசிரியரும் செவிலியரும் பெற்றோரும் முப்பதுகளில் செத்துப்போகாத ஊரில்தான் பள்ளியும் வரியும் தேர்தலும் நடக்கும். ஆகவே இதையும் நிலைத்தன்மைக்கான உதவியாகவே எண்ணுகிறேன்.

குறை, இது உதவுபவரின் கையெழுத்தில் தொங்குவது. 2025 ஜனவரி ஆணை வந்த சில நாள்களிலேயே பல நாடுகளில் சிகிச்சை மையங்கள் பூட்டப்பட்டன. ஒரே நோய்க்கெனத் தனி மருந்தகம், தனி ஊழியர், தனிச் சம்பளம் என்று வளர்ந்ததால், நாட்டின் சொந்த மருத்துவத் துறை அருகிலேயே நலிந்து கிடந்தது. 2014-ல் எபோலா வந்தபோது லைபீரியாவில் இருந்த மருத்துவர்கள் ஏறத்தாழ 50 பேர்தான். 4,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்கப் படையினர் 11 சிகிச்சை மையங்களைக் கட்டினார்கள். அவை தயாராவதற்குள் நோய் தணிந்துவிட, ஒன்பதில் ஓர் எபோலா நோயாளிகூடச் சேர்க்கப்படவில்லை. ஊர் ஊராகச் சென்று உடல்களைப் பாதுகாப்பாக அடக்கம்செய்த குழுக்களும், ஊர்ப் பெரியவர்கள் விதித்த கட்டுப்பாடுகளுமே நோயை மறித்ததில் பெரும்பங்கு வகித்தன. கட்டடத்தைவிட ஊதியம் பெறும் உள்ளூர்ப் பணியாளரே முக்கியம் என்ற பாடத்தை அடுத்த திட்டம் வகுப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## நான்காவது வழி: கடன் நிவாரணமும் உள்கட்டமைப்பும்

போர் முடிந்த நாட்டின் கருவூலம் பழைய கடனுக்கு வட்டி கட்டியே தீர்ந்துபோகும். லைபீரியாவுக்கு 2010 ஜூனில் சுமார் 460 கோடி டாலர் கடன் நீக்கப்பட்டது. அதற்கு முன் அந்நாடு ஒரு கடுமையான நிபந்தனையை ஏற்றிருந்தது. 2005 செப்டம்பரில் கையெழுத்தான உடன்பாட்டின்படி மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம் போன்றவற்றில் வெளிநாட்டு நிதி வல்லுநர்கள் அமர்த்தப்பட்டார்கள். உள்ளூர் அதிகாரியும் வெளிநாட்டு வல்லுநரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியேறும். இறையாண்மையைக் குறைக்கும் ஏற்பாடு என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் அது காலவரையறை கொண்டது, ஐந்தாண்டில் முடிந்தது, அதன் பயனாக அரசின் வருவாய் அரசுக்கே வந்தது.

1990-ல் போரில் சிதைந்த மவுன்ட் காஃபி நீர்மின் நிலையம் நார்வே, ஜெர்மனி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி ஆகியவற்றின் துணையோடும், 2015-ல் கையெழுத்தான 25 கோடி டாலரைத் தாண்டிய அமெரிக்க ஒப்பந்தத்தின் நிதியோடும் 2016 டிசம்பரில் மீண்டும் இயங்கியது. 88 மெகாவாட் திறன் கொண்டது. கோடையில் செயின்ட் பால் ஆற்றில் நீர் வற்றினால் உற்பத்தி படுத்துவிடும். மின் திருட்டும் அதிகம். நிலையத்தைக் கட்டுவதற்கு ஆன செலவோடு, அதை ஓட்டும் செலவையும் முதல்நாளே கணக்கில் எழுத வேண்டும்.

மாலியிலும் இதே வகை ஒப்பந்தம் 2006-ல் சுமார் 46 கோடி டாலருக்குக் கையெழுத்தானது. 2012 கவிழ்ப்புக்குப் பின் முன்கூட்டியே முடித்துக்கொள்ளப்பட்டது. பமாகோ விமான நிலைய விரிவாக்கம் முடியாமல் நின்றது. ஆனால் அலடோனாவில் வாய்க்கால் வெட்டி, பாசன நிலத்தைப் பட்டாவோடு உழவர்களுக்குத் தந்த பணி பெரும்பாலும் முடிந்திருந்தது. ராணுவ ஆட்சி வந்தது என்பதற்காகப் பட்டா செல்லாமல் போகவில்லை.

விரைவு தேவைப்படும்போது எப்படி என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்குமாக இந்தியா அவ்வாண்டில் அளித்த ஆதரவு சுமார் 400 கோடி டாலர். தமிழ்நாடும் தன் பங்குக்கு 40,000 டன் அரிசி அனுப்ப முன்வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் ஒப்புதல் 2023 மார்ச்சில்தான் வந்தது. அந்த இடைவெளியை அடைத்தது அண்டை நாட்டின் கடன். இதில் மறைந்திருக்கும் செலவு, கடன் கொடுத்தவர்கள் பலராக இருந்தால் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்ற இழுபறி. 2020 நவம்பரில் தவணை தவறிய சாம்பியா, அரசுக் கடன் தந்தவர்களோடு உடன்பாடு காண 2023 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது.

## ஐந்தாவது வழி: வணிகச் சலுகை

2000-ல் அமெரிக்கா இயற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் வாய்ப்புச் சட்டம், தகுதி பெற்ற நாடுகளின் பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கியது. உதவிப் பணமின்றி வேலை தரும் வழி இது. ஆனால் தகுதியை ஆண்டுதோறும் அமெரிக்க அதிபர் பறிக்கலாம். தன் திக்ராய் பகுதியில் நடந்த போரைக் காரணங்காட்டி 2022 ஜனவரியில் எத்தியோப்பியா நீக்கப்பட்டது. போரை நடத்தியவர்கள் பதவியில் இருந்தார்கள், ஹவாசா தொழிற்பூங்காவின் ஆடைத் தொழிலாளர்களான இளம்பெண்கள் வேலை இழந்தார்கள். அமைதி ஓரளவு நிலைத்துவிட்ட, துறைமுகமும் மின்சாரமும் உள்ள நாட்டுக்கே இவ்வழி பொருந்தும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பலன் தெரியும் காலம் | ஆட்சி கவிழ்ந்தால் மிஞ்சுவது | மறைமுகச் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ராணுவப் பயிற்சி | மாதங்கள் | ஏறத்தாழ எதுவுமில்லை; ஆயுதம் திசை மாறலாம் | பொதுமக்கள் உயிர், கவிழ்ப்பு அபாயம் | வரி வாங்கி மக்களுக்குப் பதில் சொல்லும் அரசு |
| அமைதிப்படை | 10 முதல் 15 ஆண்டுகள் | உடன்பாடு உறுதியானால் மிகுதி | பாக்கித் தொகை, படையினரின் தவறுகள் | உடன்பாடு கையெழுத்தான நாடு |
| மருத்துவ உதவி | 1 முதல் 3 ஆண்டுகள் | காக்கப்பட்ட உயிர்கள், பயிற்சி பெற்ற பணியாளர் | சார்புநிலை, பொது மருத்துவத் துறையின் நலிவு | எங்கும் |
| கடன் நிவாரணம், உள்கட்டமைப்பு | நிவாரணம் உடனே. கட்டுமானம் 5 ஆண்டுகளுக்கு மேல் | நிலம், வாய்க்கால், மின்நிலையம் | பராமரிப்பு, கடன்காரர்களின் இழுபறி | கணக்கு காட்ட இசையும் அரசு |
| வணிகச் சலுகை | 3 முதல் 5 ஆண்டுகள் | சலுகை நீடித்தால் வேலைகள் | தண்டனை தொழிலாளர்மேல் விழுவது | அமைதி நிலைத்த நாடு |

காலத்தைப் பற்றிய இந்த மதிப்பீடுகள் மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை. நாட்டுக்கு நாடு மாறும்.

## நிதி சுருங்கும்போது எதைத் தேர்வது?

போர் ஓய்ந்து உடன்பாடு கையெழுத்தான நாடாக இருந்தால் அமைதிப்படைக்கான பங்கைத் தவணை தவறாமல் கட்டுவதே முதல் கடமை. அதோடு கடன் நிவாரணத்தையும் இரட்டைக் கையெழுத்து போன்ற நிதிக் கட்டுப்பாட்டையும் இணைக்க வேண்டும். ராணுவத்தைப் பயிற்றுவிப்பது ஆள் தேர்வுக்குப் பின் வரட்டும். போர் நடந்துகொண்டிருக்கும், ராணுவமே ஆளும் நாடாக இருந்தால், மாலியிலும் நைஜரிலும் இன்று உள்ளதுபோல், முதலிரண்டு வழிகளும் அடைபட்டுவிட்டன. அங்கே மருத்துவ உதவியை ஆட்சியோடுள்ள பிணக்கிலிருந்து பிரித்துத் தொடர்வது ஒன்றே மிஞ்சும் நல்ல வழி. ஆட்சியாளர்மேல் உள்ள கோபத்தில் நோயாளியின் மாத்திரையை நிறுத்துவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

மிகக் கடினமான தேர்வு பெனின், டோகோ, கானா போன்ற கரையோர நாடுகளின் வடபகுதி பற்றியது. பெனினின் வட எல்லையில் 2025 ஏப்ரலில் ஜிகாதிகள் நடத்திய தாக்குதலில் 54 வீரர்கள் கொல்லப்பட்டதாக அந்நாட்டு அரசே தெரிவித்தது. அப்படை உதவி கேட்கும்போது மறுப்பது சரியாகாது. காயம்பட்டவரை மீட்கும் ஊர்தி, தகவல் தொடர்பு, வீரனுக்கு உணவும் தோட்டாவும் போய்ச் சேர்கிறதா என்ற கணக்குத் தணிக்கை ஆகியவற்றை நான் ஆதரிப்பேன். புதிய தாக்குதல் பிரிவுகளை உருவாக்குவதை ஆதரிக்க மாட்டேன். பெனினின் கோட்டோனு துறைமுகத்தை நைஜரின் தலைநகர் நியாமேயோடு இணைக்கும் சாலைக்காக 2022 டிசம்பரில் அமெரிக்கா சுமார் 50 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. நைஜர் கவிழ்ப்பால் அந்நாட்டின் பகுதி தடைபட்டது. பெனின் பகுதிச் சாலையோடு, வடக்கின் கால்நடை மேய்ப்பவர்களுக்கும் உழவர்களுக்கும் இடையிலான நிலத் தகராறுகளைத் தீர்க்கும் ஊர் மன்றங்களுக்கும், அலடோனாவில் செய்ததுபோல் பட்டா வழங்குவதற்கும் நிதி ஒதுக்கினால், படைக்குத் தரும் தொகையைவிட அது குறைவாகவே ஆகும். மாலியில் 2002-ல் இந்த வரிசையில் தொடங்கும் வாய்ப்பு இருந்தது. பெனினில் அது இன்னும் இருக்கிறது.